பந்திக்குப் பிந்தியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆதித் திருச்சபையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் பைபிளில் உள்ள அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூலின் இரண்டாம் அதிகாரத்தைத்தான் திறப்பார்கள். விசுவாசிகள் ஒருமித்திருந்தார்கள், சகலத்தையும் பொதுவாக வைத்து அநுபவித்தார்கள் என்று அங்கே இருக்கிறது. கண்ணுக்கு இதமான காட்சி. நான்கு அதிகாரம் தள்ளிப் போங்கள். அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், எங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுக்கிறார்கள். எனக்கு அந்த முறுமுறுப்பின்மேல்தான் நம்பிக்கை அதிகம். எங்கள் குடும்பத்தில் சண்டையே வந்ததில்லை என்று யாராவது சொன்னால் நாம் நம்புகிறோமா, என்ன?

ஆகவே இன்று எருசலேமை விட்டுவிட்டு, சண்டைக்குப் பேர்போன கொரிந்து சபைக்குப் போவோம்.

கொரிந்து, கிரேக்க நாட்டில் இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே உட்கார்ந்து காசு பார்த்த ஊர். கி.மு. 146இல் ரோமர்கள் அதைத் தரைமட்டமாக்கினார்கள். நூறாண்டு கழித்து, கி.மு. 44இல், ஜூலியஸ் சீசர் அதை மறுபடியும் எழுப்பினார். குடியேறியவர்களில் பெரும்பகுதியினர் விடுதலை பெற்ற அடிமைகள். பாட்டன் பெருமை பேச ஆளில்லாத இடம். சம்பாதித்தவன் பெரிய மனிதன். அங்கே கி.பி. 50வாக்கில், இயேசுவின் செய்தியை ஊர் ஊராகப் பரப்பிய பவுல் என்ற அப்போஸ்தலர் வந்து சேர்ந்தார். ரோமிலிருந்து துரத்தப்பட்டு வந்திருந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற யூதத் தம்பதியின் வீட்டில் தங்கினார். இவர்களுக்கும் கூடாரம் செய்யும் தொழில், அவருக்கும் அதே தொழில். ஒன்றரை வருடம் அந்த ஊரில் இருந்து ஒரு சபையை உண்டாக்கிவிட்டுப் புறப்பட்டார்.

பிறகு எபேசுவில் இருக்கும்போது செய்தி வருகிறது. குலோவேயாள் என்ற பெண்மணியின் வீட்டார் வந்து சொல்கிறார்கள்: அங்கே கட்சி பிரிந்துவிட்டது. நான் பவுல் கட்சி, நான் அப்பொல்லோ என்ற போதகரின் கட்சி, நான் கேபா, அதாவது பேதுரு, கட்சி. வழக்கு, வம்பு என்று பட்டியல் நீள்கிறது. அதில் ஒன்று சாப்பாட்டுச் சண்டை.

அன்றைக்குக் கோவில் கட்டடம் கிடையாது. வசதியுள்ள ஒருவர் வீட்டில் கூடுவார்கள்; கர்த்தருடைய இராப்போஜனம் என்பது உண்மையிலேயே இராச்சாப்பாடுதான். ஞாயிறு விடுமுறையும் கிடையாது. கான்ஸ்டன்டைன் அதைச் சட்டமாக்கியது 321இல். அடிமைக்கும் துறைமுகக் கூலிக்கும் எஜமான் விட்டால்தான் மாலை. அவர்கள் வந்து சேர்வதற்குள் பந்தி பாதி முடிந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

அந்த வீட்டையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரோமானிய உணவறையில் மூன்று பக்கமும் மூன்று சாய்மஞ்சங்கள், ஒன்றுக்கு மூவர். மொத்தம் ஒன்பது பேர் சாய்ந்துகொண்டு சாப்பிடலாம். மற்றவர்கள் முற்றத்தில். உள்ளே யார், வெளியே யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கொரிந்து சபைக்கு அனுப்பிய கடிதத்தில் பவுல் எழுதுகிறார்: "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." இங்கே வெறி என்பது குடிவெறி.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அசனம் என்ற பொதுவிருந்து சாப்பிட்டவர்களுக்கு இது புரியும். சிறுவயதில் ஒருமுறை நான் கடைசிப் பந்தியில் மாட்டிக்கொண்டேன். முதல் பந்தியில் கறி. எனக்கு வந்தது கறிக்குழம்பின் நினைவு. பந்திக்கு முந்து என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. அந்த ஏமாற்றம் எனக்கு ஒரு மத்தியானத்தோடு போயிற்று. கொரிந்துவில் அது வாராவாரம் நடந்திருக்கிறது.

கொரிந்துவின் பணக்காரர்களைக் கொடியவர்கள் என்று எண்ண வேண்டாம். அந்த உலகத்தின் வழக்கமே அது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, இளைய பிளினி என்ற ரோமானியப் பிரபு தான் போன ஒரு விருந்தைப் பற்றி எழுதுகிறார். வீட்டுக்காரர் சின்னச் சின்னக் குடுவைகளில் மூன்று தர மதுவை வைத்திருந்தாராம். தனக்கும் முக்கிய விருந்தாளிகளுக்கும் ஒன்று, சில்லறை நண்பர்களுக்கு ஒன்று, விடுதலை பெற்ற அடிமைகளுக்கு ஒன்று. பிளினிக்கு அது பிடிக்கவில்லை. நான் எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான் பரிமாறுவேன் என்கிறார். செலவு கட்டுப்படியாகுமா என்று கேட்டதற்கு, அவர்கள் என் மதுவைக் குடிப்பதில்லை, நான் அவர்கள் மதுவைக் குடிக்கிறேன் என்றாராம். நாசூக்கான மனிதர்தான். இவரை மறந்துவிடாதீர்கள், திரும்பி வருவார்.

பவுல் கோபப்படுகிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். கேட்டுவிட்டு, இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இராத்திரியில் அப்பத்தை எடுத்துப் பிட்டதைச் சொல்கிறார். நற்கருணை ஆராதனையில் தலைகுனிந்து கேட்கிறோமே, அந்த வார்த்தைகள்தாம். நமக்குக் கிடைத்துள்ளவற்றில் அவை எழுத்தில் வந்த முதல் இடம் இதுவே. சுவிசேஷங்கள் எழுதப்படுவதற்கும் முந்தியது. ஒரு சோற்றுச் சண்டை வராமல் போயிருந்தால் பவுல் அதை எழுதியே இருக்கமாட்டார் என்று நினைக்கையில் எனக்கு வியப்பாக இருக்கிறது.

கடைசியில் அவர் சொல்லும் தீர்வு ஒரே வரி: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." பசி தாங்காதவன் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். இந்த இரண்டாவது பாதி எனக்கு அவ்வளவாகத் திருப்தியில்லை. பணக்காரன் வீட்டில் நன்றாகவே சாப்பிடுவான். ஏழைக்கு வீட்டில் என்ன இருக்கும்? ஆனால் காத்திருத்தல் என்பது லேசான காரியமில்லை. எஜமான் அடிமைக்காக, பசியோடு, பரிமாறிய உணவின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பிளினிக்கு வருவோம். கி.பி. 112வாக்கில் அவர் இப்போதைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநர். கிறிஸ்தவர்களை விசாரித்துவிட்டுப் பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதுகிறார். விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள். திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், நம்பிக் கொடுத்ததைத் திருப்பித் தர மறுக்கமாட்டோம் என்று உறுதி சொல்கிறார்கள். கலைந்துபோய், சாப்பிட மறுபடி கூடுகிறார்கள். உணவு சாதாரணமானது, தீங்கற்றது. சங்கங்களுக்குத் தான் தடை போட்டபின் அந்தச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார்களாம். இதெல்லாம் உண்மையா என்று உறுதிசெய்துகொள்ள, ஊழியக்காரிகள் என்று சபையார் அழைத்த இரண்டு அடிமைப் பெண்களை அவர் சித்திரவதை செய்தார். விருந்தில் மதுவைத் தரம் பிரித்ததற்கு முகம் சுளித்த அதே மனிதர்.

விருந்தோம்பலில் இந்தச் சபைகள் ஏமாளிகளாக இருந்தன என்று நினைத்துவிடாதீர்கள். திதாகே என்ற பழைய ஒழுங்குநூல் ஒன்று இருக்கிறது. ஊர் ஊராக வரும் அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இன்னொரு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. பணம் கேட்டாலும் கள்ளன்தான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாம் சொல்வோம். அவர்கள் அதைவிடக் கண்டிப்பு.

முடிக்கும் முன் கொரிந்துவுக்கே ஒருமுறை திரும்பிவிடுகிறேன். அந்தச் சாப்பாட்டுச் சண்டைக்குச் சில ஆண்டுகள் கழித்துப் பவுல் அங்கே வந்து தங்கியிருந்தபோது ரோமாபுரிக்கு நீண்ட நிருபம் ஒன்றை அனுப்புகிறார். அவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுகிறார். கடைசி அதிகாரத்தில் எழுதுகிறவரே நடுவில் புகுந்து, "இந்த நிருபத்தை எழுதின தெர்தியுவாகிய நான்" உங்களை வாழ்த்துகிறேன் என்று ஒரு வரி போட்டுக்கொள்கிறார். தெர்தியு என்றால் லத்தீனில் மூன்றாமவன். பிள்ளைகளை எண்ணிப் பெயர் வைப்பது அடிமைகளிடையே சகஜமாக இருந்தது. அடுத்த வரியில் வாழ்த்துச் சொல்கிறவர்கள் மூன்று பேர். சபை முழுவதையும் தன் வீட்டில் உபசரித்துவருகிற காயு, பட்டணத்து உக்கிராணக்காரனாகிய ஏரஸ்து, அதாவது நகரத்தின் பொருளாளர், பிறகு குவர்த்து. குவர்த்து என்றால் நான்காமவன். அவருக்கு வீடும் சொல்லப்படவில்லை, பதவியும் சொல்லப்படவில்லை. சகோதரனாகிய குவர்த்து என்று மட்டும் இருக்கிறது.

வணக்கம்.