சந்தேகம்: பைப்பைப் பாதியாக வெட்டினால் மேல் ஸட்ஜம் ஏன் வருவதில்லை?

சரி, அடுத்த கேள்வி. சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கிரில் பட்டறையில் மிஞ்சிய ஒரு இஞ்ச் எஸ்.எஸ். பைப்புகளை வாங்கி, தட்டி வாசிக்கிற கருவி ஒன்று செய்கிறாராம். 60 செ.மீ. பைப்பை ஸட்ஜமாக, அதாவது அடிச்சுரமான ‘ஸ’வாக வைத்துக்கொண்டு, மேல் ஸட்ஜத்துக்கு 30 செ.மீ. வெட்டியிருக்கிறார். அது காதைத் துளைக்கிற மாதிரி எங்கேயோ மேலே போய்விட்டது. பலகையில் ஆணி அடித்து மாட்டியதும் எல்லாப் பைப்பும் ‘டொக்’ என்று செத்துப்போய்விட்டன. ஏற்காட்டுக் கல்லில் இதையே செய்ய முடியுமா என்றும் கேட்கிறார்.

தம்பி, உங்கள் பைப்பில் எந்தக் குறையும் இல்லை. முதலில் அதை எங்கே பிடிப்பது என்று பார்ப்போம், ஏனென்றால் இந்த வகைக் கருவியில் பாதி வேலை அதில்தான் இருக்கிறது. பைப்பைத் தட்டினால் அது வில் மாதிரி வளைந்து வளைந்து அசைகிறது. நடுப்பகுதி மேலே போகும்போது இரண்டு முனைகளும் கீழே போகும். இந்த அசைவுக்கு நடுவே அசையாமல் நிற்கிற இடம் இரண்டே இரண்டுதான். ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 22.4 சதவீதம் தள்ளி இருக்கும். 60 செ.மீ. பைப் என்றால் முனையிலிருந்து 13.4 செ.மீ. அங்கே மட்டும் துளை போட்டு நைலான் கயிற்றில் தொங்கவிடுங்கள், அல்லது அந்த இடத்துக்குக் கீழே ரப்பரோ கம்பளித் துண்டோ வைத்துப் படுக்க வையுங்கள். வேறு எங்கே தொட்டாலும் அசைவை நீங்களே அமுக்குகிறீர்கள். ஆணி அடித்ததும் ஓசை செத்ததற்குக் காரணம் இதுதான். நீளம் மாற மாற இந்த இடமும் மாறும் என்பதால் ஒவ்வொரு பைப்புக்கும் தனியாக அளக்க வேண்டும். தட்டையான பட்டை என்றால் மேலே கொஞ்சம் தூள் உப்பைத் தூவி மெதுவாகத் தட்டிக்கொண்டே இருங்கள், உப்பு தானாக நகர்ந்து அந்த இரண்டு கோட்டிலும் போய்ச் சேரும். பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கும்.

இப்போது நீளம். வீணையில் கம்பியைச் சரிபாதியில் அழுத்தினால் மேல் ஸட்ஜம் வரும். நீங்களும் அந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் கம்பி இழுவிசையால் ஒலிக்கிறது, பைப் தன் விறைப்பால் ஒலிக்கிறது. விறைப்பால் ஒலிக்கும் பொருளில் நீளம் பாதியானால் அதிர்வெண் நான்கு மடங்காகிவிடும். ஒரு ஸ்தாயி, அதாவது ஸ-விலிருந்து மேல் ஸ வரை ஏற, அதிர்வெண் இரண்டு மடங்கானால் போதும். நீங்கள் ஒரு ஸ்தாயி ஏறப் பார்த்தீர்கள், பைப் இரண்டு ஸ்தாயி ஏறிவிட்டது. ஒரே ஒரு ஸ்தாயி ஏற, நீளத்தை 0.707 ஆல் பெருக்க வேண்டும். 60-க்கு 42.4 செ.மீ. வரும். மற்ற சுரங்களுக்கும் இதே வழிதான், சுர விகிதத்துக்கு (அந்தச் சுரத்தின் அதிர்வெண் ஸ-வைப் போல எத்தனை மடங்கு என்பதற்கு) வர்க்கமூலம் எடுத்து அதால் நீளத்தை வகுக்க வேண்டும். மோகன ராகம் வேண்டுமென்றால் ஸ 60, ரி 56.6, க 53.7, ப 49, த 46.5, மேல் ஸ 42.4. எல்லாம் ஒரே பைப்பிலிருந்து, ஒரே விட்டம், ஒரே கனத்தில் வெட்டியிருக்க வேண்டும். கனம் மாறினால் இந்தக் கணக்கு செல்லாது.

வெட்டும்போது 2, 3 மி.மீ. கூடுதலாகவே விடுங்கள். முனையை அரத்தால் தேய்க்கத் தேய்க்கச் சுருதி ஏறும், ஏறியதைப் பைப்பில் இறக்குவது கஷ்டம். கிரைண்டர் வைத்த கையோடு சுருதி பார்க்காதீர்கள். சூடான உலோகம் கொஞ்சம் கீழே ஒலிக்கும், ஆறியதும் ஏறிவிடும்.

அப்புறம், இதைக் கவனிக்காமல் துளை போட்டுவிடுவார்கள். எஸ்.எஸ். கைப்பிடிப் பைப் பெரும்பாலும் தகட்டை உருட்டி வெல்டு வைத்துச் செய்தது. அந்தத் தையல் ஓடும் பக்கமும் மற்றப் பக்கமும் விறைப்பில் துளி வித்தியாசப்படும். அதனால் ஒரே பைப்பில் மிக நெருக்கமான இரண்டு சுருதி சேர்ந்து ஒலித்து ‘வோவ் வோவ்’ என்று அலை வரும். பைப்பைக் கயிற்றில் வைத்து உருட்டி உருட்டித் தட்டிப் பாருங்கள். அலை அடங்குகிற நிலை ஒன்று கிடைக்கும். அதை மார்க்கரால் குறித்துக்கொண்டு, எப்போதும் அந்தப் பக்கம் அடி விழுகிற மாதிரி துளை போடுங்கள். அலை உங்களுக்குப் பிடித்திருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம், அதுவும் நல்ல ஓசைதான்.

போன் ஆப்பை வைத்துச் சுருதி பார்க்கலாமா என்றும் எழுதியிருக்கிறார். பார்க்கலாம், ஆனால் ஆப் காட்டுவது கீபோர்டு சுருதி. தம்பூராவோடு இழைகிற அந்தர காந்தாரம் (மோகனத்தின் க) அதைவிடச் சற்றுக் கீழே நிற்கும். உங்கள் பைப்பில் இந்த வித்தியாசம் வெறும் 2 மி.மீ. நீளம். கருவியை நீங்களே செய்கிறபோது அந்த 2 மி.மீ. உங்கள் கையில் இருக்கிறது, அதை ஆப்பிடம் கொடுத்துவிடாதீர்கள். 1901-ல் பிறந்த ஹாரி பார்ட்ச் என்ற அமெரிக்கர் ஒரு ஸ்தாயிக்குள் 43 சுரம் வைத்தார். அவை கடையில் கிடைக்கிற எந்த வாத்தியத்திலும் இல்லாததால் வாழ்நாள் முழுக்கத் தானே கருவிகள் செய்தார். பெரிய கண்ணாடிக் குடுவைகளை அறுத்துத் தொங்கவிட்டுக்கூட வாசித்தார். கேட்க நினைத்த சுரம் அவரிடம் முதலில் இருந்தது, வடிவங்கள் அதைத் தேடிப் பிறந்தன. வித்தியாசமான கருவி செய்ய ஆசைப்படுகிற எல்லோருக்கும் அவரைத்தான் நான் சொல்வேன்.

அடிக்கும் கோலுக்கு ரப்பர் அல்லது நூல் சுற்றிய தலை போடுங்கள். சரியாக நடுவில் அடியுங்கள். பைப்பின் அடுத்த மேலொலி அடிச்சுரத்தைப் போல 2.76 மடங்கு, எந்தச் சுரத்தோடும் சேராது. நடுப்புள்ளியில் அதற்கு அசைவே இல்லை என்பதால், அங்கே அடித்தால் அது எழும்பாது.

சத்தம் போதவில்லை என்றால் கீழே பிவிசி குழாய் வையுங்கள். அடி மூடியிருக்க வேண்டும், திறந்த வாய் பைப்பின் நடுவுக்கு நேர் கீழே வர வேண்டும். உங்கள் 60 செ.மீ. பைப் மெல்லிய சுவர் கொண்டதென்றால் ஏறக்குறைய 420 ஹெர்ட்ஸில் ஒலிக்கும், அதற்கு 20 செ.மீ. ஆழக் குழாய் போதும். எண்ட் கேப்பை ஒட்டிவிடாமல், உள்ளே நகர்த்தக்கூடிய அடைப்பு ஒன்று வையுங்கள். காரணம், குழாயில் ஒலிப்பது காற்று. குளிர் ஒரு டிகிரி கூடினால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் குறையும். சேலத்துச் சித்திரை வெயிலில் பொருத்திய குழாயை அதைவிட 20 டிகிரி குளிர்ந்த ஏற்காட்டு இரவுக்குக் கொண்டுபோனால், அது ஒரு சுரத்தானத்தில் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு உள்ள இடைவெளியில்) பாதிக்கு மேல் இறங்கிவிடும். எஸ்.எஸ். பைப்போ துளிதான் ஏறும். இரண்டும் பிரிந்ததும் சத்தம் மங்கும். அடைப்பை உள்ளே தள்ளினால் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

கல்லுக்கு வருகிறேன். முடியும், தாராளமாக முடியும். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற கெட்டியான பாறை, விரிசல் இல்லாத துண்டு மணி மாதிரி ஒலிக்கும். நம்முடைய திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களும் கல்தானே. மலையில் போய் எதையும் உடைக்க வேண்டாம். கிரானைட் பாலிஷ் பட்டறைகளில் நீளமான வெட்டுத் துண்டுகள் கழிவாகக் கிடக்கும். அதே 22.4 கணக்கில் இரண்டு கயிற்றின் மேல் வைத்து மரச் சுத்தியால் தட்டுங்கள். ‘டப்’ என்றால் உள்ளே விரிசல், விட்டுவிடுங்கள். ‘ணங்’ என்று நின்றால் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லில் ஒரு வசதி உண்டு, முனையை வெட்டினால் சுருதி ஏறும், அடிப்பக்கம் நடுவில் தேய்த்தால் இறங்கும். தேய்க்கும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே தேயுங்கள், தூசியைத் தடுக்கும் நல்ல மாஸ்க் கட்டாயம் போடுங்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் படிந்தால் சரி செய்ய முடியாது. பட்டறையில் தண்ணீர் வசதி இல்லையென்றால் கல்லை இப்போதைக்கு வையுங்கள், முதலில் மோகனத்தை முடித்து அனுப்புங்கள், கேட்க ஆவலாக இருக்கிறேன்.