முற்றத்துப் படம்: நிலா கெடுக்குமா, பக்கத்து வீட்டு லைற் கெடுக்குமா?

[திரையில்: இருண்ட முற்றம். கயிற்றில் வெள்ளை பெட்சீற். மேலே முழு நிலா.]

நிலா பால் போலக் கொட்டுகிற இரவில், திறந்த முற்றத்தில் புரொஜெக்ரர் வைத்துப் படம் போட்டால் தெரியுமா? "உனக்கென்ன விசரோ?" என்றுதான் என் கூட்டாளிகள் ஐந்து பேரும் கேட்டார்கள். இப்போது போயாவுக்குப் போயா, அதாவது இலங்கையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வருகிற லீவு நாளில், எங்கள் வளவில் படம். நிலாவால் ஒரு கரைச்சலும் இல்லை. கரைச்சல் தந்தது வேலிக்கு அந்தப் பக்கம் எரிந்த ஒரே ஒரு லைற். அது எத்தனை நிலாவுக்குச் சமம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பயப்படாதீர்கள், பெருக்கலும் வகுத்தலும்தான்.

ஏன் போயா? நாங்கள் ஆறு பேரும் பரந்தன், தருமபுரம், விசுவமடு என்று முல்லைத்தீவு வீதி நெடுகச் சிதறிக் கிடக்கிறோம். சனிக்கிழமை என்றால் ஒருவனுக்கு ரியூசன் வகுப்பு, ஞாயிறு என்றால் இன்னொருவனுக்குக் கலியாண வீடு. போயா நாடு முழுக்க லீவு. வருசத்துக்கு 12, சில வருசம் 13. வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வேண்டாம், கலண்டரைப் பார்த்தால் சரி. மதுக்கடையும் பூட்டு, அதனால் படத்தின் நடுவில் எழும்பித் தத்துவம் பேச ஆளில்லை! வைகாசியில் மட்டும் விட்டுவிடுவோம், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் அந்த நாட்களை ஒட்டித்தான் வரும்.

சாமான்கள்: புரொஜெக்ரர், லப்டொப், ஸ்பீக்கர், பெட்சீற், பாய். அவ்வளவுதான்.

[திரையில்: புரொஜெக்ரர் பெட்டி, அதிலுள்ள பெரிய எண்]

இந்த எண்ணை நம்பாதீர்கள். லூமன் என்றால் விளக்கு வெளிவிடுகிற மொத்த வெளிச்சத்தின் அளவு. மலிவுப் பெட்டிகளில் 9000 லூமன் என்றும் அச்சடிப்பார்கள். 'ஆன்சி லூமன்' (ANSI, தரநிலை முறைப்படி அளந்தது) என்று எழுதியிருந்தால் அதைப் பாருங்கள். என்னுடையது 200.

இனி எனக்குப் பிடித்த இடம். 200 லூமன் வெளிச்சத்தை 2 மீற்றர் அகலப் படமாக விரிக்கிறோம். உயரம் 1.1 மீற்றர் சொச்சம், பரப்பு 2.25 சதுர மீற்றர். வகுத்தால் ஏறக்குறைய 89 லக்ஸ். ஒரு சதுர மீற்றரில் விழுகிற வெளிச்சத்தின் அளவுதான் லக்ஸ். அப்படியென்றால் முழு நிலா? உச்சியில் நின்று எரித்தாலும் கால் லக்ஸ் அளவுதான்! கண் இருட்டுக்குப் பழகிவிடுவதால் நமக்கு அது பகல் போலத் தெரிகிறது. எங்கள் படம் நிலாவை விட 350 மடங்கு பிரகாசம். கவிஞர்கள் மன்னிக்க வேண்டும்.

இன்னொன்று. பௌர்ணமி நிலா சூரியன் சாய்கிற நேரத்தில்தான் கிழக்கே எழும்பும். பெட்சீற்றை முற்றத்தின் கிழக்குப் பக்கத்தில், மேற்கே பார்க்கக் கட்டினால் அந்த மிச்ச நிலாவும் சீலையின் முதுகில்தான் விழும். பின்னால் ஒரு கறுத்தத் துணியும் தொங்கவிட்டால் ஊடுருவாது.

அப்புறம் அந்த லைற். 9 வாற் எல்இடி பல்ப், ஏறக்குறைய 800 லூமன், பெட்சீற்றிலிருந்து ஐந்து மீற்றர். வெளிச்சம் நாலாபக்கமும் பரவுகிறது என்று வைத்தால் சீலைக்கு வந்து சேர்வது இரண்டரை லக்ஸ். பத்து நிலா! முதல் போயாவில் படத்தின் இரவுக் காட்சிகள் எல்லாம் சாம்பலாகப் போய், வில்லனின் மீசை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தோம்.

"அன்ரி, ரெண்டு மணித்தியாலம் நிப்பாட்டி விடுங்கோவன்" என்று கேட்டேன்.

"நிப்பாட்டினா மரநாய் வரும் தம்பி. போன கிழமை ரெண்டு பேட்டுக் கோழியைக் கொண்டு போட்டுது. உன்ர படம் தருமோ?"

நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை. அடுத்த நாள் ஒரு வெற்றுப் பால்மா ரின்னை எடுத்து, அடியில் ஓட்டை போட்டு, ஹோல்டரோடு சேர்த்து பல்பைச் சுற்றி மாட்டிவிட்டேன். (கரண்டை நிற்பாட்டிவிட்டுத்தான், நீங்களும் அப்படியே செய்யுங்கள். ரின் எந்த வயரிலும் முட்டக் கூடாது.) வெளிச்சம் முழுக்கக் கூட்டின் மேல் விழுந்தது, எங்கள் பக்கம் இருட்டு. ஒரு ரின்னால் ஒன்பது நிலாவுக்கு மேல் அணைத்திருக்கிறேன், அதற்காகவாவது ஒரு லைக் போடுங்கள்.

"பெரிசாக் காட்டடா" என்று ஒரு குரல் எப்போதும் வரும். அகலத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு நாலு மடங்கு, வெளிச்சம் காற்பங்கு. 89 லக்ஸ் 22 ஆகிவிடும். இரண்டு மீற்றரோடு நில்லுங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் பெட்சீற்றின் கீழ் ஓரத்தை மடித்துத் தைத்து, உள்ளே ஒரு கம்பைச் செருகுங்கள், இல்லாவிட்டால் கதாநாயகி அலை அலையாக அழுவாள். மாரியில் விறாந்தைதான்.

புளூரூத் ஸ்பீக்கர் வேண்டாம், வாய் அசைந்த பிறகு சத்தம் வரும். வயர் போடுங்கள்.

கரண்ட் போனால்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, மறந்திருக்க மாட்டீர்கள். வன்னிக்குக் கரண்டே இல்லாத போர்க்காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட சனம் நாங்கள். அந்த டைனமோ 6 வோல்ற், 3 வாற். என் புரொஜெக்ரர் 60 வாற். ஆக 20 சைக்கிள், 20 பேர், இரண்டரை மணித்தியாலம். படம் பார்க்கத்தான் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு ஒரே சட்டம்: வீட்டுக்காரன் சமைக்கக் கூடாது. சமைக்கத் தொடங்கினால் மூன்றாம் மாதமே அலுத்துப்போய்ப் படம் நின்றுவிடும். வருகிறவர்கள் கச்சான், கடலை கொண்டு வருவார்கள், நான் பிளேன்ரீ மட்டும். படத்தைத் தெரிவு செய்வது முறை வைத்து, ஆளுக்கு ஒரு போயா. மட்டமான படம் என்றாலும் முடியும் வரை எழும்பக் கூடாது.

போனில் லக்ஸ் அளக்கிற செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்றைக்கு இரவு உங்கள் முற்றத்தில் சீலை கட்டப் போகிற இடத்தில் போனைப் பிடித்துப் பார்த்து, எண்ணைக் கீழே எழுதுங்கள். எங்கள் பெட்சீற்றில் இப்போது பூச்சியம். மரநாய் போன போயாவுக்கு வந்தது. இடைவேளை நேரம், கூட்டுப் பக்கம் போகவில்லை, பாயில் கிடந்த கச்சான் சரையை மோந்து பார்த்துவிட்டுப் போனது.