டீச்சர், டி.எஸ்.எச். ஏறிடுச்சு

வணக்கம் நேயர்களே. கடலூரில் முப்பது வருடத்துக்கு மேல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுத்தவள் நான். எல்லாப் பாடமும் பிடிக்கும், ஆனால் நாளமில்லாச் சுரப்பிகள் என்றால் தனிப் பிரியம். இன்றைக்கும் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். படம் எதுவும் வேண்டாம், அடுப்படி வேலையை விடாமல் கேட்கலாம்.

மாவடு என்று சொன்னாலே வாயில் எச்சில் ஊறுகிறது இல்லையா? எச்சில் சுரப்பியிலிருந்து வாய்க்கு வர ஒரு சின்னக் குழாய் உண்டு. அதற்குத்தான் நாளம் என்று பெயர். தைராய்டு, பிட்யூட்டரி, அட்ரீனல் இவற்றுக்கெல்லாம் அந்தக் குழாய் கிடையாது. சுரப்பதை, அதாவது ஹார்மோனை, நேராக ரத்தத்தில் விட்டுவிடும். ரத்தமோ உச்சி முதல் உள்ளங்கால் வரை ஓடுகிறது. அப்படியானால் அது போக வேண்டிய இடத்துக்கு எப்படிப் போகிறது? எல்லா இடத்துக்கும்தான் போகிறது. என் குரல் இப்போது உங்கள் தெரு முழுக்கக் காற்றில் இருக்கிறது, ஆனால் இந்த அலைவரிசையில் வைத்த பெட்டி மட்டும்தானே பேசுகிறது? அதே மாதிரி, அந்த ஹார்மோனைப் பிடிக்கிற ஏற்பி எந்தச் செல்லில் இருக்கிறதோ அது மட்டும் கேட்கும்.

ரத்தம் வழியாகத்தான் சேதி போகிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது ஒரு சேவல். சேவல் வளர்த்த வீட்டுக்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். 1848-49-இல் ஜெர்மனியில் கோட்டிங்கன் என்ற ஊரில் பெர்த்தோல்டு என்று ஒரு பேராசிரியர், ஆறு இளம் சேவல்களை எடுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் காயடித்தார், அதாவது ஆண் சுரப்பியான விதையை எடுத்துவிட்டார். இரண்டை அப்படியே விட்டார். அவற்றுக்குக் கொண்டை வளரவில்லை, கூவவில்லை, பெட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை, சண்டைக்கும் போகவில்லை. மற்ற நாலுக்கும் எடுத்த விதையையே வயிற்றுக்குள், அது வழக்கமாக இருக்கிற இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் வைத்துத் தைத்தார். இரண்டுக்கு அததன் விதை, இரண்டுக்கு ஒன்றின் விதை இன்னொன்றுக்கு. அந்த நாலும் கொண்டை சிவந்து, விடியலில் கூவி, ஒன்றையொன்று கொத்திக்கொண்டு முழுச் சேவலாகவே வளர்ந்தன! பிறகு அறுத்துப் பார்த்தால், வைத்த இடத்தில் புதிதாக ரத்தக் குழாய் வந்து ஒட்டியிருக்கிறது, பழைய நரம்புத் தொடர்பு இல்லை. நரம்பு இல்லாமல் வயிற்றிலிருந்து தலையில் இருக்கும் கொண்டைக்குச் சேதி போனதென்றால் அது ரத்தத்தில்தானே போயிருக்க வேண்டும்? ஹார்மோன் என்ற பெயரே 1905-இல்தான் வந்தது, ஸ்டார்லிங் என்பவர் வைத்தார். பெயர் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே சேவல் கூவிவிட்டது. வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கழுத்தில் இருக்கிற தைராய்டு. எங்கள் தெருவில் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். "டீச்சர், டி.எஸ்.எச். 12 வந்திருக்கு, தைராய்டு ரொம்ப ஏறிடுச்சு, மாத்திரையைக் குறைச்சிடலாமா?" ஐயோ, கூடவே கூடாது! டி.எஸ்.எச். என்பது தைராய்டைத் தூண்டிவிடுகிற ஹார்மோன், தைராய்டு சுரப்பது இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்குகிற பிட்யூட்டரி, தைராய்டைப் பார்த்துப் போடுகிற சத்தம் அது. பையன் எழுந்துவிட்டால் அம்மா ஒரு தரம் கூப்பிட்டதோடு சரி. அவன் போர்வையை இழுத்துப் போர்த்தினால் அடுப்படியிலிருந்து குரல் ஏறிக்கொண்டே போகும். அம்மா குரல் தெருவுக்கே கேட்கிறதென்றால் பையன் எழவில்லை என்று பொருள். டி.எஸ்.எச். ஏறியிருந்தால் பெரும்பாலும் தைராய்டு போதவில்லை என்று பொருள். இன்னொரு தரம் சொல்கிறேன்: டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு குறைவு. நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

எங்கள் அம்மாவுக்கு இப்படித்தான் ஆனது. எப்போதும் அசதி, வெயில் காலத்திலும் குளிர், குரல் கரகரப்பு. வயதாகிவிட்டது என்று நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம், நான் டீச்சராக இருந்தும். கண்டுபிடித்து மாத்திரை ஆரம்பித்த பிறகும் டி.எஸ்.எச். இறங்கவே இல்லை, டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு நாள் விடிகாலையில் பார்க்கிறேன், அம்மா மாத்திரையை டிகிரி காபியோடு விழுங்கிக்கொண்டிருக்கிறாள். காபி அந்த மருந்தைக் குடலில் சரியாகச் சேரவிடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். அளவை மாற்றினால் அடுத்த வாரமே பலன் பார்க்க முடியாது. மாத்திரையில் இருக்கிற தைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத் திரும்பப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள்.

அப்புறம் உப்பு. தைராய்டு அயோடின் இல்லாமல் வேலை செய்யாது. ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், எழுபது வருடத்துக்கும் கூட்டிப் பார்த்தால் நாலு கிராம்கூட வராது. நாம் கடலோரத்துக்காரர்கள், மரக்காணத்து உப்பளத்துக் கல் உப்பில் இல்லாத அயோடினா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கடல் நீரைக் காய்ச்சி எடுத்த உப்பில் அயோடின் மிகச் சொற்பம், தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. சமையலுக்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்கக்கூடாது என்று 2006-இல் சட்டமே வந்தது. பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள், ஈரம் படாமல் மூடி வையுங்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அதிலும் கொஞ்சம் கிடைக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் காட்டுகிறார்கள். கணையத்துக்கும் அட்ரீனலுக்கும் பாதி நேரம் வைத்திருந்தேன், சேவல் எடுத்துக்கொண்டது. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் அடித்தபோது நெஞ்சு படபடத்து, கை சில்லிட்டு, வாய் உலர்ந்ததே, அதில் சிறுநீரகத்தின் தலையில் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனலுக்குப் பெரிய பங்கு. சர்க்கரைக்காரர்களுக்கு ஒன்றே ஒன்று: கணையம் சுரக்கிற இன்சுலினும் ஹார்மோன்தான், புரதம் என்பதால் விழுங்கினால் வயிற்றில் செரித்துப்போகும், அதனால்தான் ஊசி. பிள்ளை உண்டாகியிருப்பவர்கள் முதல் பரிசோதனையிலேயே தைராய்டும் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். முதல் மூன்று மாதம் வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு அம்மாவின் தைராய்டுதான். வணக்கம்.