வாசகர் வாய் திறக்க ஒரு புனைபெயர்

(திருகோணமலையில் இளம் எழுத்தாளர்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

இந்த ஊரில் ஒருவர் கதை எழுதினால் என்ன நடக்கும் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். உட்துறைமுக வீதியில் கண்டவர் "கதை பார்த்தனான், அருமை" என்பார். கோயிலடியில் கண்ட மாமி "நல்லா எழுதுறாய் பிள்ளை, விடாமல் எழுது" என்பார். படிப்பித்த சேர் தோளில் தட்டிக்கொடுப்பார். எந்த இடத்தில் கதை சலித்தது, எந்தப் பாத்திரம் பொய்யாகப் பட்டது, எதற்காக இரண்டாம் பக்கத்தோடு வாசிப்பதை நிறுத்தினார்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள். அவர்களில் குறை இல்லை. நாளைக்கு எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு வரவேண்டியவர்கள். செத்தவீட்டில் பக்கத்தில் நிற்கவேண்டியவர்கள். முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய இழப்பு. நாங்கள் பகலில் வேலைக்குப் போய், வீடு வந்து, பிள்ளைகள் நித்திரையான பிறகு போனில் தட்டி இணையத்தில் இடுகிறவர்கள். கையெழுத்துப் பிரதியில் சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பி அனுப்ப எங்களுக்குப் பத்திரிகை ஆசிரியர் இல்லை. பதிப்பாளர் இல்லை. வாசகர் மட்டும்தான் இருக்கிறார். அந்த வாசகரும் எங்களைத் தெரிந்தவராகவே இருந்துவிட்டால் உண்மை எந்த வழியால் வந்து சேரும்?

புனைபெயர் எழுதுகிறவரைக் காப்பாற்றத்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வந்தேன். புனைபெயரால் கூடுதலாக விடுதலை பெறுகிறவர் வாசகர். எழுதியது யார் என்று தெரியாதபோதுதான் அவருக்கு மனம் நோகுமே என்ற தயக்கம் போகிறது. அப்போதுதான் அவர் வாய் திறக்கிறார்.

புனைபெயர் எங்களுக்குப் புதிதில்லை. இலங்கையர்கோன் என்று எழுதியவர் த. சிவஞானசுந்தரம். மஹாகவி என்று எழுதியவர் து. உருத்திரமூர்த்தி. பெரியநீலாவணை ஆசிரியர் சின்னத்துரை தன் ஊரையே பெயராக்கி நீலாவணன் ஆனார். எங்கள் ஊரையே எடுங்கள். 1939இல் திருகோணமலையில் பிறந்த தருமு சிவராம், சென்னையில் சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழுக்கு இங்கிருந்தபடியே கவிதையும் கட்டுரையும் அனுப்பினார். இருபது வயதை ஒட்டிய இளைஞர். அவரது முகத்தையோ குடும்பத்தையோ அந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியாது. அவர்கள் முன் இருந்தது எழுத்து மட்டும்தான். பின்னால் அவர் பிரமிள் ஆனார், பானுச்சந்திரன் ஆனார், அரூப் சிவராம் ஆனார், பெயரின் எழுத்துகளையே திரும்பத் திரும்ப மாற்றினார். எந்தப் பெயரில் எழுதினாலும் ஒரு வரியைக்கூட ஏனோதானோவென்று விடாத மனிதர். பெயரை மறைத்தால் பொறுப்புக் குறையும் என்று நினைக்கிறவர்கள் அவரைப் படிக்கவேண்டும்.

அரச உத்தியோகத்தில் இருந்தபடியால் பெயரை மாற்றியவர்கள் உண்டு. வீட்டில் தெரியக்கூடாதென்று மாற்றிய பெண்கள் உண்டு. யுத்த காலத்தில் உயிருக்குப் பயந்து மாற்றியவர்கள் உண்டு. அந்த வரலாற்றைத் தனியாகப் பேசவேண்டும், இன்று அதற்குள் போகவில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, கரைவலை இழுக்கிற குடும்பம் ஒன்றைப் பற்றிக் கதை எழுதினார். வலைக்குச் சொந்தக்காரரான, கடனில் மூழ்கிய ஒரு சம்மாட்டி, அவருடைய மகன், வலை கரைக்கு வருகிற ஒரு விடியற்காலை. நல்ல கதை. கதை நடப்பது மார்கழியில். திருவெம்பாவைப் பாட்டு தூரத்தில் கேட்க, ஆட்கள் கயிறு பிடித்து இழுக்கிறார்கள். அதைப் புனைபெயரில் போட்டார். எழுபதை நெருங்கும் ஒரு வாசகர், தன் பெயரைப் போட்டே எழுதி அனுப்பினார்: "கதை எழுதினவருக்கு. மார்கழியிலை இந்தக் கரையிலை வலை வளைக்க ஏலாது. வாடைக்குக் கடல் அடிக்கும். வாடி எல்லாம் கழட்டியிருப்பாங்கள். சம்மாட்டியின்ரை கடன் கதை உண்மை, அதைத் தொடவேண்டாம்."

நான்கு வரி. திருத்தம் எங்கே வேண்டும் என்று சொல்கிறது, எதைத் தொடக்கூடாது என்றும் சொல்கிறது. காரணமும் சொல்கிறது. இதைவிட மேலான விமர்சனத்தை நான் பெரிய இதழ்களில்கூட அதிகம் கண்டதில்லை.

அந்தத் தங்கச்சி மார்கழி என்ற சொல்லை வெட்டி வைகாசி என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. வைகாசியில் இந்தக் கரை எப்படி இருக்கும் என்று போய்க் கேட்டார். தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரை கொந்தளிக்கும்போது எங்கள் கரை அமைதியாகிவிடும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இங்கே வந்து வாடி என்கிற கரையோரக் கொட்டில் அடித்துத் தொழில் செய்கிற காலம் அது. கதைக்குள் சிலாபத்து மனிதர் ஒருவர் வந்தார். சம்மாட்டியின் மகன் அவரோடு பேசிப் பழகினான். முதல் வடிவத்தில் தகப்பனும் மகனும் மாறிமாறிப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வடிவத்தில் மகனுக்கு ஊரைவிட்டுப் போகும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது எங்கள் கண்ணெதிரே நடக்கிறது. திருவெம்பாவைப் பாட்டு போய்விட்டது. அது அழகான வரி, எனக்கும் பிடித்த வரி. போனது சரி.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. அதே வாசகர் இந்தத் தங்கச்சியின் தகப்பனாருக்கு நெருங்கிய கூட்டாளி. தங்கச்சி முன்பு சொந்தப் பெயரில் எழுதிய கதையைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து "நல்லாயிருக்கு மகள்" என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர். கடலைப் பற்றிய அத்தனை அறிவும் அன்றைக்கும் அவரிடம் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே கேட்கத் தெரிய வேண்டும். "கதை எப்படி?" என்று கேட்டால் "நல்லாயிருக்கு" என்ற பதில்தான் வரும். அந்தக் கேள்விக்கு வேறு பதில் இல்லை. எந்த இடத்தில் போனைக் கீழே வைத்தீர்கள் என்று கேளுங்கள். எந்த ஆளின் பெயர் இப்போது நினைவில் இல்லை என்று கேளுங்கள். படித்து ஒரு கிழமை கழித்துக் கேட்டால் இன்னும் நல்லது, அதற்குள் நிற்பது நின்றிருக்கும், உதிர்வது உதிர்ந்திருக்கும்.

குறை சொல்வதற்குத் தமிழில் சொல் பஞ்சம் இல்லை. நன்னூல் ஒரு நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றங்களை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல் என்று போகிற பட்டியல். அதில் ஒன்று சென்று தேய்ந்து இறுதல். இணையத்தில் தொடர்கதை எழுதுகிற எல்லோரும் அதைச் சுவரில் எழுதி ஒட்டவேண்டும். முதல் ஐந்து அத்தியாயம் உயிரைக் கொடுத்து எழுதுவோம். பன்னிரண்டாவதில் கதை எங்கே போகிறதென்று எங்களுக்கே தெரியாது. வாசகர் கேட்கிறார் என்பதற்காக நீட்டுவோம், பிறகு வாசகர் குறைகிறார் என்பதற்காகத் திடீரென்று முடிப்போம். நடுவில் கதை தேய்ந்துபோய்விடும். இலக்கண நூலுக்கென்று சொல்லப்பட்ட குற்றங்கள்தான் இவை, ஆனாலும் ஒரு சிறுகதையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பத்தையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். நூலை அவையில் வைத்துக் குற்றம் நீக்கிய பிறகே வெளியில் விடுவது எங்கள் மரபு. அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியதாகப் பாயிரம் சொல்கிறது. எங்களுக்கு அப்படி ஓர் அவை இல்லாதபடியால், முகம் தெரியாத வாசகர்தான் அந்த இடத்தில் இருக்கவேண்டும்.

வாசகர் சொல்வதெல்லாவற்றையும் ஏற்கவேண்டுமா? இல்லை. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். "கதைக்கிறது என்றால் என்ன? பேசுவது என்று எழுதக்கூடாதா?" என்று வெளியூர் வாசகர்கள் கேட்பார்கள். மாற்றாதீர்கள். மூதூரில் பிறந்த வ.அ. இராசரத்தினம் ஆசிரியராக வேலை செய்துகொண்டு எழுதியவர். 'தோணி' சிறுகதைத் தொகுதிக்கு 1962இல் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. மூதூர் இருக்கிற கொட்டியாரக் கரையின் மனிதர்களை அவர் அந்த மண்ணோடு சேர்த்தே எழுதினார். அதற்கு ஏறத்தாழ எழுபது வருடங்களுக்கு முன்னரே, 1891இல் இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை'யும் 1895இல் தி.த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி'யும் இந்த ஊர்க்காரர்களின் கையால் வந்துவிட்டன. தமிழில் நாவல் என்ற வடிவமே இளமையாக இருந்த காலம் அது. எங்கள் பேச்சுக்கு நாங்கள் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஒரு சொல் விளங்கவில்லையென்றால், அந்தச் சொல்லை விளங்கவைக்கிற மாதிரி அடுத்த வாக்கியத்தை எழுதுவது எங்கள் பொறுப்பு.

முடிவை மாற்றச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். "அவளைச் சாகவிடாதீங்கோ." அப்படி ஒருவர் கேட்டால் அவள் அவருக்கு உயிருள்ள மனுசியாகத் தெரிந்திருக்கிறாள். அந்த அன்புக்கு நன்றி சொல்லுங்கள், முடிவை அப்படியே விடுங்கள். ஆனால் ஐந்து பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே பந்தியில் தடக்குப்பட்டால் அந்தப் பந்தியில் ஏதோ இருக்கிறது. அவர்கள் சொல்கிற காரணம் பிழையாக இருக்கலாம். மூன்றாம் பந்தி சலிக்கிறது என்பார்கள், உண்மையான கோளாறு முதலாம் பந்தியில் சொல்லாமல் விட்ட ஒரு தகவலாக இருக்கும். தடக்குப்பட்ட இடம் உண்மை. மருந்து தேடுவது எங்கள் வேலை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், சொல்லாமல் போனால் நேர்மையில்லை. புனைபெயருக்குள் இருந்துகொண்டு இன்னொரு எழுத்தாளரின் குடும்பத்தை, சாதியை, சமயத்தை, உடம்பை இழுக்கிறவர்களை நான் எழுத்தாளர் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. வேறு பெயரில் வந்து தன் கதையைத் தானே புகழ்வதும் அப்படித்தான். கதையை மட்டும் வைத்துப் பேச வாசகருக்கு வசதி செய்யத்தான் பெயரை ஒதுக்கி வைக்கிறோம். அதே மரியாதையை மற்றவரின் கதைக்கு நாங்களும் கொடுக்கவேண்டும்.

பின்வரிசையில் இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு: வாசலுக்குப் பக்கத்து மேசையில் மூன்று கதைகளின் பிரதிகள் இருக்கின்றன. மூன்றையும் எழுதியவர்கள் இந்த மண்டபத்துக்குள்தான் இருக்கிறார்கள். பெயர் போடவில்லை, யாரென்று தேடவும் வேண்டாம். தேநீர் இடைவேளையில் ஆளுக்கொரு கதை எடுத்து வாசியுங்கள். பென்சில் வைத்திருக்கிறோம். எங்கே மனம் வேறு பக்கம் போனதோ அந்த வரியின் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். எங்கே நம்பவில்லையோ அங்கே ஒரு கேள்விக்குறி. "அருமை" என்று மட்டும் எழுதவேண்டாம். இடைவேளை முடிய அந்தப் பிரதிகளை நான் சேர்த்தெடுத்து, எழுதியவர்களின் கையில் கொடுப்பேன்.