முட்டையிடாத கோழிக்கு மாதச் சம்பளம்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பேச்சைத் தொடங்குமுன் ஒரு விளையாட்டு. 2, 4, 6. இந்த மூன்று எண்களுக்குப் பின்னால் ஒரு விதியை மனதில் வைத்திருக்கிறேன். நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள். என் விதிக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று மட்டும் சொல்வேன். விதியை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முன்வரிசையில் 8, 10, 12 என்கிறார்கள். பொருந்துகிறது. 20, 22, 24? அதுவும் சரி. 100, 102, 104? சரி. தம்பி அதற்குள் எழுந்துவிட்டார்: "இரண்டிரண்டாகக் கூடுகிறது சார்!" இல்லை தம்பி, உட்காருங்கள். 5, 17, 900 கூட என் விதிக்குப் பொருந்தும். ஒவ்வொரு எண்ணும் அதற்கு முந்தையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1960-இல் லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் மாணவர்களை வைத்துச் செய்து பார்த்த சோதனை. 29 பேரில் 6 பேர்தான் தவறான பதில் எதுவும் சொல்லாமல் விதியைப் பிடித்தார்கள். மற்றவர்களும் முட்டாள்கள் இல்லை, பல்கலைக்கழக மாணவர்கள். இப்போது நாம் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். ஒரு யோசனை தோன்றியதும், அதற்கு "ஆமாம்" வாங்கித் தரும் கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இதற்கு இல்லை என்று பதில் வரவேண்டும், வருகிறதா பார்ப்போம்" என்று இந்த அரங்கில் ஒருவராவது கேட்டீர்களா? யாரும் கேட்கவில்லை.

நான் ஒரு வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். கணக்குதான் தொழில். ஆனாலும் நானும் ஒருமுறை இப்படித்தான் 8, 10, 12 என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஈமு கோழியை மறந்திருக்க மாட்டீர்கள். ஆஸ்திரேலியப் பறவை, ஆள் உயரம் நிற்கும். 2010-ஐ ஒட்டிய வருடங்களில் பெருந்துறையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ஈமு பண்ணை, சுவரெல்லாம் விளம்பரம், டிவியில் நடிகர்கள். அன்று பரவலாகப் பேசப்பட்ட ஒரு திட்டம் இது: 1.5 லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சுகள் தருவார்கள், கொட்டகை போடுவார்கள், தீவனம் தருவார்கள். வளர்ப்பதற்கு மாதம் 6,000 ரூபாய். வருட முடிவில் 20,000 போனஸ். ஒப்பந்தக் காலம் முடிந்தால் கட்டிய பணமும் திரும்ப வரும்.

என் மைத்துனர் இதில் இறங்க நினைத்தார். "மச்சான், நீங்க பேங்க்ல இருக்கறவங்க, ஒருதரம் வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். போனேன். பண்ணை இருந்தது. பறவைகள் இருந்தன, எண்ணிக்கூடப் பார்த்தேன். ஆபீசில் ஏசி ஓடியது. ஏற்கெனவே சேர்ந்திருந்த நான்கு பேரிடம் விசாரித்தோம். நால்வருக்கும் மாதம் பிறந்தால் பணம் வந்துகொண்டிருந்தது. ஒருவர் பாஸ்புக்கையே எடுத்துக் காட்டினார். வீட்டுக்கு வந்து, "சரிதான் மாப்ளே, ஒழுங்காத்தான் நடக்குது" என்று சொல்லிவிட்டேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் மாமியார் கேட்டார்: "அந்தக் குஞ்சு எத்தன மாசத்துல முட்ட வெக்கும்?" ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும் என்றார் மைத்துனர். "அப்ப முட்டையே வெக்காத கோழிக்கு எவன்டா மாசச் சம்பளம் குடுக்கறான்?"

நாங்கள் இருவரும் சிரித்தோம். "உனக்கு பிசினஸ் தெரியாதும்மா" என்றார் மைத்துனர். இதைச் சொல்ல இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் அதிகம் போகாத அந்த அம்மா கேட்டதுதான் மொத்த வழக்கும். பணம் முதல் மாதத்திலிருந்தே வருகிறது. பறவையோ இரண்டு வருடம் கழித்துத்தான் எதையாவது தரப்போகிறது. அப்படியானால் இந்தப் பணம் பறவையிடமிருந்து வரவில்லை. வேறு எங்கிருந்து வரும்? அடுத்தடுத்து வந்து சேருகிறவர்கள் கட்டும் 1.5 லட்சத்திலிருந்துதான்.

கணக்கையும் போட்டுவிடுவோம். மாதம் 6,000 என்றால் வருடத்துக்கு 72,000. போனஸோடு 92,000. போட்ட பணத்துக்கு 61 சதவீதம். எங்கள் வங்கியில் அப்போது வைப்புத் தொகைக்கு வட்டி 9 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஆறு பறவைக்கு 92,000 என்றால் ஒவ்வொன்றும் வருடத்துக்கு 15,000-க்கு மேல் சம்பாதிக்க வேண்டும். தீவனம், கொட்டகை, டிவி விளம்பரம் எல்லாம் தனி. சரி, அந்தக் கறியை யார் சாப்பிட்டார்கள்? இந்த அரங்கில் ஈமு பிரியாணி சாப்பிட்டவர்கள் கை தூக்குங்கள். மூன்று பேர். நன்றாக இருந்ததா? பரவாயில்லை, விடுங்கள்.

2012 ஆகஸ்டில் எல்லாம் கவிழ்ந்தது. பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கம் தீவனம் போட வேண்டியிருந்தது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கக் கூட்டம் நின்றது. கோவைத் தனி நீதிமன்றத்தில் வழக்குகள் பல வருடம் நடந்தன, தண்டனைகளும் வந்தன. இத்தனைக்கும் 1990-களில் பைனான்ஸ் கம்பெனிகளிடம் இதே மாதிரி ஏமாந்து, அதற்காகவே 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது.

நான் எங்கே தவறினேன்? விசாரிக்காமல் இல்லை. விசாரித்தேன், ஆனால் கேட்டதெல்லாம் 8, 10, 12. தொழில் நேர்மையாக இருந்தால் பண்ணை இருக்கும், பறவை இருக்கும், பணம் வரும். மோசடியாக இருந்தாலும், ஆரம்பத்தில், பண்ணை இருக்கும், பறவை இருக்கும், பணம் வரும். வராவிட்டால் புது ஆள் எப்படிச் சேருவான்? நான் பார்த்த சாட்சிகள் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவை. அந்த பாஸ்புக் எதையும் நிரூபிக்கவில்லை. மாமியார் கேட்டது மட்டும்தான் இரண்டையும் பிரித்துக் காட்டும் கேள்வி.

இந்தக் கண்ணோடு பார்த்தால் நிறைய தெரியும். கஷாயம் குடித்தேன், ஒரு வாரத்தில் சளி போய்விட்டது என்கிறோம். குடிக்காவிட்டாலும் சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் போயிருக்கும். கோச்சிங் சென்டர் ஃப்ளெக்ஸில் நாற்பது முகம் சிரிக்கிறது. சேர்ந்தது எத்தனை பேர் என்று எங்கும் இருக்காது.

"எதற்கெடுத்தாலும் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் வாழ முடியுமா?" என்று ஒருவர் போன கூட்டத்தில் கேட்டார். நியாயம்தான். எந்தக் கடையில் தோசை சாப்பிடலாம் என்பதற்கு இதெல்லாம் வேண்டாம். தோசை சரியில்லையென்றால் நாளைக்கு வேறு கடை. திரும்ப எடுக்க முடியாத முடிவுகளுக்கு மட்டும் போதும்: நிலம், ஆபரேஷன், கல்யாணம், பெரிய கடன்.

நம் ஊரில் இதற்குப் பெரிய தடை அறிவுக் குறைவு இல்லை என்பது என் கருத்து. சொன்னவர் சொந்தக்காரர் என்பதுதான். கேள்வி கேட்டால் "என்னை நம்பலையா?" என்று முகம் சுருங்கிவிடும். விஷயத்தைச் சந்தேகிப்பது ஆளைச் சந்தேகிப்பதாகிவிடுகிறது. திருவள்ளுவருக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றிய அதிகாரத்திலேயே "குணம்நாடிக் குற்றமும் நாடி" என்று சொல்லிவிட்டார். நாம் குணம் நாடுவதோடு எழுந்து கை கழுவப் போய்விடுகிறோம்.

அதனால் நான் இப்போது வாயால் கேட்பதில்லை, எழுதுகிறேன். தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். மூன்று வரி. இது உண்மையானால் என்ன தெரியும்? பொய்யானால் என்ன தெரியும்? இரண்டுக்கும் வித்தியாசமாகத் தெரியக்கூடிய ஒன்று எது? மூன்றாவது வரிதான் கஷ்டம். ராத்திரி முழுக்க யோசித்தும் அது காலியாகவே இருந்திருக்கிறது.

அந்த ஈமு விஷயத்தில் நான் ஏன் பணம் போடவில்லை என்று கேட்பீர்கள். அறிவால் இல்லை. அந்த மாதம் மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது, கையில் பணம் இல்லை. மைத்துனர் போட்டார். இன்றுவரை அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை, அது இன்னும் சங்கடம்.

போன மாதம் அவர் மகன் வந்திருந்தான். ஏதோ டிரேடிங் ஆப், நண்பனுக்கு தினமும் லாபம் வருகிறதாம், செல்போனில் காட்டினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துக் கையில் கொடுத்தேன். முதல் இரண்டு வரியை அங்கேயே உட்கார்ந்து எழுதிவிட்டான். மூன்றாவது வரிக்கு வந்ததும் பேனாவைக் கடித்துக்கொண்டு, "மாமா, இத நாளைக்கு எழுதறேனே" என்றான். தாள் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. நேற்று போனில் கேட்டேன். எழுதவும் இல்லை, பணம் கட்டவும் இல்லை என்றான்.