மூன்று பழைய கணினி, ஒரு கிளஸ்டர்: ஒயரை உருவினால் என்ன ஆகும்?

[திரையில்: மேசை மேல் வரிசையாக மூன்று மினி பிசி. ஒரு கை வந்து நடுவில் இருப்பதன் பவர் ஒயரை உருவுகிறது. மூலையில் டைமர் ஓடத் தொடங்குகிறது.]

இப்போது உருவினேனே, அந்தக் கணினிக்குள்தான் வீட்டு டிஎன்எஸ் (இணையப் பெயரை ஐபி முகவரியாக்கித் தருவது), புகைப்பட சர்வர், சின்னதாக ஒரு டேட்டாபேஸ் எல்லாம் தனித்தனி வி.எம்களாக, அதாவது கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் கணினிகளாக, ஓடிக்கொண்டிருந்தன. மூன்று கணினியும் சேர்ந்து ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் கூட்டம்தான் கிளஸ்டர். முறையாக ஷட்டவுன் கூடச் செய்யவில்லை. டைமர் ஓடட்டும். அது எப்போது நிற்கும், ஏன் அவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் இன்றைய விஷயம்.

ஒரு கணினி விழுந்தால் அதன் வேலையை மற்றது எடுத்துக்கொள்வதற்குப் பெயர் ஹை அவைலபிலிட்டி, சுருக்கமாக ஹெச்.ஏ. அப்படி என்றதும் வி.எம் ஒரு நொடிகூட நிற்காது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிக் கிடையாது. மின்சாரம் போன கணினியின் ரேமில் இருந்ததெல்லாம் போனதுதான். அந்த வி.எம் வேறொரு கணினியில் புதிதாக பூட் ஆகி எழும், அவ்வளவே. ஓடுகிற வி.எம்மை நிறுத்தாமல் இடம் மாற்றுவது லைவ் மைக்ரேஷன். அதற்கு இரண்டு கணினியும் உயிரோடு இருக்க வேண்டும்.

சரி, சாமான்கள். அலுவலகங்கள் சில வருடம் பயன்படுத்திவிட்டுக் கழித்துவிடும் மினி பிசிகளே இதற்குப் போதும். லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி, எதுவானாலும் சரி. பெயர் 'டி' (T) என்று முடியும் 35 வாட் இன்டெல் ப்ராசசர் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். முடிந்தவரை மூன்றும் ஒரே மாடலாக இருக்கட்டும். வெவ்வேறு தலைமுறை ப்ராசசர்களைக் கலந்தால், வி.எம்மின் சிபியு வகையை 'ஹோஸ்ட்' என்று வைக்காதீர்கள். லைவ் மைக்ரேஷனில் மாட்டிக்கொள்வீர்கள். ரேம் கணக்கை மட்டும் கறாராகப் போடுங்கள். ஒன்றில் 16 ஜிபி வீதம் மூன்று இருந்தால் கையில் 48 இருப்பதாகத் தோன்றும். ஒன்று விழுந்தால் மிஞ்சுவது 32. அதிலும் சிஸ்டத்துக்குப் போக மீதிதான் வி.எம்களுக்கு.

அப்புறம் பயாஸில் ஒரு செட்டிங்: மின்சாரம் திரும்பி வந்ததும் கணினி தானாக ஆன் ஆக வேண்டும். இதை மறந்தால், நீங்கள் வெளியூரில் இருக்கும் நாளில்தான் ஞாபகம் வரும்.

இத்தனையையும் நடத்தும் சாஃப்ட்வேர் ப்ராக்ஸ்மாக்ஸ் வி.இ. வியன்னாவில் இருக்கும் நிறுவனம் 2008-இல் முதன்முதலில் வெளியிட்டது. டெபியன் லினக்ஸ் மேல் உட்கார்ந்திருக்கிறது. வி.எம்களுக்கு கேவிஎம், கன்டெய்னர்களுக்கு, அதாவது வி.எம்மைவிட இலகுவான தனி அறைகளுக்கு, எல்எக்ஸ்சி. ஓப்பன் சோர்ஸ் என்பதால் காசு கட்டாமலே முழுதாகப் பயன்படுத்தலாம். லாகின் ஆகும்போதெல்லாம் சந்தா இல்லை என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும், மூடிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

கிளஸ்டர் அமைப்பது ஐந்து நிமிட வேலை. முதல் கணினியின் வெப் பக்கத்தில் கிளஸ்டரை உருவாக்கி, அது தரும் இணைப்புத் தகவலைக் காப்பி செய்து, மற்ற இரண்டிலும் ஒட்டினால் முடிந்தது. பெயரையும் ஐபியையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்றுவது பெரும்பாடு. சேர வரும் கணினியில் ஏற்கெனவே வி.எம் இருந்தால் கிளஸ்டர் அதைச் சேர்த்துக்கொள்ளாது.

[திரையில்: மூன்று பெட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஓட்டு.]

இனி கோரம். தமிழில் கேட்கப் பயங்கரமாக இருந்தாலும், சட்டசபையில் சொல்கிற அதே கோரம்தான். மூன்று கணினிக்கு மூன்று ஓட்டு. பாதிக்கு மேல், அதாவது இரண்டு ஓட்டு கூடினால்தான் கிளஸ்டர் எந்த முடிவும் எடுக்கும்.

எதற்கு இவ்வளவு சட்டதிட்டம்? இப்போது பவர் ஒயரை விட்டுவிட்டு, முதல் கணினியின் நெட்வொர்க் ஒயரை மட்டும் உருவியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினி சாகவில்லை. உள்ளே டேட்டாபேஸ் ஜோராக ஓடுகிறது. மற்ற இரண்டுக்கும் அது செத்தது போலத்தான் தெரியும். உடனே அவை அதே டேட்டாபேஸைத் தங்களிடம் கிளப்பினால், பொதுவான டிஸ்க் ஒன்றில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதுவார்கள். ஸ்பிளிட் பிரெயின் என்பது இதுதான். டிஸ்க் குப்பையாகிவிடும்.

அதனால் நடப்பது இப்படி. கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது கோராசிங்க் என்ற நிரல் வழியாக. ஒயர் போன சில நொடிகளில் அது அதைக் கண்டுபிடிக்கிறது. தனியாக மாட்டிய கணினியிடம் ஒரே ஓட்டு. கோரம் இல்லை. அதன் பொதுவான கான்ஃபிக் ஃபோல்டர் அப்போதே எழுத முடியாதபடி பூட்டிக்கொள்ளும். தான் உயிரோடு இருப்பதைக் காட்ட அங்கே அவ்வப்போது புதுப்பிக்கும் அடையாளப் பூட்டை (லாக்) அதனால் இனிப் புதுப்பிக்க முடியாது. உள்ளே ஒரு வாட்ச்டாக், அதாவது காவல் டைமர், 60 நொடி எண்ணுகிறது. யாரும் வந்து தட்டிக்கொடுக்கவில்லை என்றால், கணினியையே ரீசெட் செய்துவிடும். சந்தேகம் வந்தால் தன்னைத்தானே கொன்றுகொள் என்பதுதான் அதற்கு உத்தரவு. மற்ற இரண்டும் அந்தப் பூட்டு காலாவதியாகும் வரை, ஏறக்குறைய இரண்டு நிமிடம், கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். பிறகுதான் வி.எம்மைத் தங்கள் பக்கம் கிளப்பும். டைமர் இன்னும் ஓடுவதன் காரணம் இதுவே. பவர் போனதா, நெட்வொர்க் போனதா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. எனவே இரண்டுக்கும் ஒரே பொறுமை.

இந்த உத்தரவு நம் மீதே திரும்பவும் செய்யும். ஒரு நாள் நெட்வொர்க் ஸ்விட்சின் ஃபர்ம்வேரை அப்டேட் செய்தேன். அது ரீபூட் ஆகி வர ஒன்றரை நிமிடம். மூன்று கணினியுமே ஒரே அந்த ஸ்விட்சில்தான் இருந்தன. மூன்றும் தனித்தனித் தீவாகி, மூன்றும் கோரம் இழந்து, மூன்றும் ஒன்றாக ரீசெட் ஆயின. ஒன்று கெட்டால் மற்றது தாங்க வேண்டும் என்று கட்டியது, எல்லாம் நன்றாக இருக்கும்போது மொத்தமாகப் படுத்துவிட்டது!

அன்றே ஒவ்வொன்றுக்கும் ஒரு யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரும், தனியாக ஒரு மட்டரக ஸ்விட்சும் வாங்கி, கோராசிங்குக்கு இரண்டாவது பாதை போட்டேன். எட்டுப் பாதை வரை தரலாம். வீட்டுக்கு இரண்டு போதும். கோராசிங்குக்கு வேகமான லைன் தேவையில்லை, தாமதம்தான் ஆகாது, 5 மில்லி செகண்டுக்குள் பதில் வர வேண்டும். இரவு பேக்கப் ஒரே லைனை அடைத்துக்கொண்டால், உயிரோடிருக்கும் கணினியையே செத்ததாக நினைத்துவிடும்.

மூன்று வாங்க முடியாதவர்கள் இரண்டு கணினியோடு ஒரு ராஸ்பெர்ரி பையை க்யூ-டிவைஸாக வைக்கலாம். அது வி.எம் எதையும் ஓட்டாது, ஓட்டு மட்டும் போடும். அந்த ஓட்டுப் பெட்டியை அதே கிளஸ்டருக்குள் ஒரு வி.எம்மாக வைப்பவர்களும் உண்டு. பஞ்சாயத்துக்காரரை வாதியின் வீட்டிலேயே குடிவைத்த கதை அது.

அடுத்தது டிஸ்க். வி.எம் எழ வேண்டுமானால் அதன் டிஸ்க் அந்தக் கணினியிலும் இருக்க வேண்டும். செஃப் என்ற ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் மூன்று பிரதியாக உடனுக்குடன் எழுதும், எதுவும் தொலையாது. ஆனால் அதற்கு 10 கிகாபிட் நெட்வொர்க் இருந்தால் நல்லது, ஒரு டிஸ்க்குக்கு 4 ஜிபி ரேமை எடுத்துக்கொள்ளும், மின்வெட்டுப் பாதுகாப்பு இல்லாத சாதாரண எஸ்எஸ்டியில் தவழும். நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டிய டிஸ்க் பெட்டி) ஒன்றில் எல்லாவற்றையும் வைக்கலாம் என்றால், மூன்று கணினியும் அந்த ஒற்றைப் பெட்டியை நம்பி நிற்கும். பிறகு எதற்கு மூன்று?

மலிவான சாமான்களுக்கு நான் சொல்வது இசட்.எஃப்.எஸ் ரெப்ளிகேஷன், அதாவது இசட்.எஃப்.எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் வழியாக டிஸ்க்கின் பிரதியை மற்ற கணினியில் வைப்பது. வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாறியதை மட்டும் மற்ற கணினிக்கு அனுப்பும்; ஒரு நிமிடம் வரை குறைக்கலாம். கடைசியாக அனுப்பியதற்குப் பிறகு எழுதியது போய்விடும், அதைச் சம்மதித்துக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும். டிஎன்எஸ்ஸுக்கு அது பொருட்டே இல்லை. டேட்டாபேஸுக்கு ஒரு நிமிடம் வைத்திருக்கிறேன். மூன்று கணினியிலும் இசட்.எஃப்.எஸ் டிஸ்க் தொகுப்பின் (பூல்) பெயர் ஒன்றாக இருக்கட்டும். மற்ற இரண்டு கணினிக்கும் ரெப்ளிகேஷன் போடுங்கள். ஒன்றுக்கு மட்டும் போட்டால், டிஸ்க் இல்லாத கணினிக்கு வி.எம் போய் எழ முடியாமல் நிற்கும்.

யுஎஸ்பி குச்சி செருகிய வி.எம்களை ஹெச்.ஏ-வில் சேர்க்காதீர்கள். குச்சி கூடவே நடந்து போகாது.

[திரையில்: டைமர் நிற்கிறது, இரண்டு நிமிடம் சொச்சம். மூன்றாவது கணினியில் டேட்டாபேஸ் வி.எம் பச்சை நிறத்துக்கு மாறுகிறது.]

எழுந்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால், ஒயரை உருவும் முன் கடைசி நொடிகளில் எழுதிய மூன்று வரி இல்லை. மற்றதெல்லாம் இருக்கிறது. இப்போது ஒயரைத் திரும்பச் செருகுகிறேன்.

[திரையில்: நடுக் கணினியின் விளக்கு எரிகிறது. வி.எம்கள் போன இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன.]