விஸ்வநாத் திருப்பிக் கொடுத்த விக்கெட்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

ஓய்வுபெற்ற ஒரு கிரிக்கெட் வீரரை நம் மனதில் நிறுத்துவது சாதனையா, பண்பா? இதுதான் தலைப்பு. பண்பே என்று பேச வந்திருக்கிறேன். துணைக்கு ஒருவரை அழைத்து வந்திருக்கிறேன். அவர் பெயர் குண்டப்பா விஸ்வநாத், இந்திய அணியின் முன்னாள் பேட்ஸ்மேன்.

எதிரணி நண்பர் ரன்களை எண்ணிக் காட்டினார். சரி, நானும் எண்ணுகிறேன். 91 டெஸ்ட், 6080 ரன், 14 சதம். அவர் சதம் அடித்த எந்த டெஸ்டிலும் இந்தியா தோற்றதில்லை. ஆனால் சேப்பாக்கத்தில் பழைய ரசிகர் ஒருவரிடம் விஸ்வநாத் பெயரைச் சொல்லிப் பாருங்கள், சதமே ஆகாத அந்த 97-ஐத்தான் முதலில் சொல்வார்! 1975 ஜனவரி, அதே சேப்பாக்கம். வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட்டை அள்ளினார். மறுமுனையில் ஒவ்வொருவராக நடையைக் கட்ட, குள்ளமான இந்த மனிதர் மட்டும் ஸ்கொயர் கட் ஆடியபடி நின்றார். கடைசி ஆள் சந்திரசேகரும் அவுட். மொத்தம் 190. இவர் ஆட்டமிழக்காமல் 97. டெஸ்டை இந்தியா 100 ரன்னில் ஜெயித்தது. சதப் பட்டியலில் அதற்கு இடமில்லை, நம் மனதில் இருக்கிறது.

இப்போது பம்பாய்க்கு வாருங்கள். 1980 பிப்ரவரி, கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட். விஸ்வநாத்தான் கேப்டன். நம் 242-க்கு எதிராக இங்கிலாந்து 58 ரன்னில் 5 விக்கெட்டை இழந்து தத்தளிக்கிறது. கபில்தேவ் பந்தில் கீப்பர் கேட்ச் என்று பாப் டெய்லருக்கு அம்பயர் விரலை உயர்த்திவிட்டார். ஸ்லிப்பில் நின்ற விஸ்வநாத்துக்குத் தெரியும், பந்து பேட்டில் படவில்லை. அம்பயரிடம் பேசி, டெய்லரைத் திரும்ப ஆட வைத்தார். டெய்லர் 43 ரன் எடுத்தார். இங்கிலாந்து ஆல்ரவுண்டர் இயான் போத்தமும் அவரும் சேர்ந்து 171. இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது.

"அணியின் வெற்றியைத் தாரை வார்க்க அவருக்கு என்ன உரிமை?" என்று கேட்டீர்களே, நண்பரே! பேட்டில் படாத பந்துக்கு ஏது விக்கெட்? நம் கையில் இல்லாததை எப்படித் தாரை வார்ப்பது? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விஸ்வநாத் டெஸ்ட் கேப்டனாக இருந்தது மொத்தம் இரண்டே ஆட்டம். முதலாவது டிரா, இரண்டாவது இது. கேப்டனாக ஒரு வெற்றிகூட அவர் கணக்கில் இல்லை. அன்று வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அந்தக் கணக்கில் ஒரு வெற்றி சேர்ந்திருக்கலாம். அதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

அந்த டெஸ்டில் ஒரு சதமும் 13 விக்கெட்டும் போத்தமுடையவை. மகத்தான சாதனை, மறுக்கவே மாட்டேன். ஆனாலும் பொன்விழா டெஸ்ட் என்றதும் நாம் முதலில் பேசுவது தோற்ற கேப்டனைப் பற்றித்தான். அது ஏன் என்று எதிரணியிடம் கேட்டு அமர்கிறேன்.